சாயத்தண்ணீரும் நிறுவனப் பொறுப்பும்: நொய்யல் கரையில் ஒரு கொள்கை வளர்ந்த வரலாறு

முன்னுரை

நிறுவனங்களின் சூழல் பொறுப்பைப் பற்றிப் பேசும் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே வம்சாவளியைச் சொல்கின்றன. 1972இல் ஸ்டாக்ஹோம் மாநாடு, 1987இல் புருண்ட்லாண்ட் ஆணையத்தின் அறிக்கை, 1994இல் ஜான் எல்கிங்டன் முன்வைத்த 'லாபம், மக்கள், பூமி' என்னும் மூன்று கணக்கு, 2000இல் ஐ.நா.வின் உலக ஒப்பந்தம். இந்த வரிசையில் தலைகாட்டுபவர்கள் ஆணையத் தலைவர்கள், ஆலோசகர்கள், பெருநிறுவன நிர்வாகிகள். நிறுவனம் முதலில் மனம் மாறியது, பிறகு நடத்தையை மாற்றிக்கொண்டது என்பதே இந்த வரலாற்றின் உட்கிடை.

இக்கட்டுரை அதே வரலாற்றைத் திருப்பூரிலிருந்து பார்க்கிறது. நொய்யல் கரையின் சாயப்பட்டறைகள் இன்று கழிவுநீரில் ஒரு சொட்டையும் வெளியே விடக் கூடாது என்ற விதியின் கீழ் இயங்குகின்றன. இவ்வளவு பெரிய சிறுதொழில் கூட்டம் ஒன்று முழுமையாக அப்படி இயங்குவது உலகிலேயே அரிது. அந்த நிலையை எந்த நிறுவனத்தின் தொலைநோக்கு அறிக்கையும் கொண்டுவரவில்லை. கீழ்மடை விவசாயிகள் அதை மனுவாக எழுதினார்கள், நீதிமன்றம் ஆணையாக்கியது, பொறியாளர்கள் இயந்திரமாக்கினார்கள், அதற்குப் பிறகுதான் அது அறிக்கைகளில் ஏறியது. பொறுப்பு இந்த வரிசையில் உருவானதால்தான் அதன் செலவு யார் தலையில் விழுந்தது என்ற கேள்விக்கும் ஒரு குறிப்பிட்ட விடை கிடைத்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

அடிப்படைக் கருத்துகள் சிலவற்றை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு தொழில் தன் உற்பத்திச் செலவில் ஒரு பகுதியைத் தன் கணக்கில் எழுதாமல் அடுத்தவர் நிலத்திலும் கிணற்றிலும் இறக்கி வைத்தால், பொருளியலில் அது புறவிளைவு. அந்தச் செலவை மாசு செய்தவரே ஏற்க வேண்டும் என்ற கொள்கையைப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1972இல் வகுத்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் மில்டன் ஃப்ரீட்மன் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், சட்ட வரம்புக்குள் லாபம் ஈட்டுவதே நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்று வாதிட்டிருந்தார். 1975இல் அமெரிக்காவின் 3எம் நிறுவனம், மாசைப் பிறக்கும் இடத்திலேயே தடுத்தால் செலவு மிச்சம் என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. இந்த மூன்று குரல்களும் திருப்பூரில் கேட்டன. ஆனால் பாடநூல் சொல்லும் வரிசையில் கேட்கவில்லை.

வெள்ளைப் பனியனிலிருந்து வண்ணத்துக்கு

வெள்ளியங்கிரி மலைத்தொடரில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியுடன் சேர்கிறது நொய்யல். மழை பெய்தால் ஓடும், இல்லாவிட்டால் காய்ந்து கிடக்கும் ஆறு அது. அதன் ஓட்டத்தைத் தேக்கி வைக்கவே அணைக்கட்டுகளும் குளங்களும் வாய்க்கால்களுமாக ஒரு பாசன அமைப்பை முன்னோர் கட்டியிருந்தார்கள். பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்த இயல்பு முக்கியம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆற்றில் கலக்கும் கழிவு ஓரளவு நீர்த்துப் போகும். நொய்யலிலோ ஆண்டின் பெரும்பகுதியில் நீர்த்துப் போகத் தண்ணீரே இல்லை. கழிவுதான் ஆறாக ஓடியது.

திருப்பூரின் பழைய அடையாளம் வெள்ளைப் பனியன். அதற்குச் சலவைப்பட்டறை போதும். 1970களின் இறுதியிலிருந்து ஐரோப்பிய வணிகர்கள் வரத் தொடங்கி, 1980களில் வண்ண டி-சட்டைகளுக்கான ஆர்டர்கள் பெருகியபோது சாயம் தேவைப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் எழுபதுக்கும் குறைவாக இருந்த சாய, சலவைப்பட்டறைகள் 1990களின் பிற்பகுதியில் எண்ணூறைத் தாண்டின. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. 1980களின் நடுவில் சில கோடிகளாக இருந்த ஏற்றுமதி, 2024-25இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயை எட்டியது.

இந்த வளர்ச்சியின் உள்கட்டமைப்பை நிறுவன ஆய்வாளர்கள் போதிய அளவு கவனித்ததில்லை. திருப்பூரில் ஒரு சட்டை ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் வேறிடம், காம்பேக்டிங், பிரிண்டிங், பவர் டேபிள், செக்கிங் எல்லாம் தனித்தனி. பெரும்பாலான சாயப்பட்டறைகள் ஜாப் வொர்க் செய்பவை: துணி அவர்களுடையது அல்ல, ஆர்டரும் அவர்களுடையது அல்ல, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. வெளிநாட்டு பிராண்டுடன் பேசுபவர் ஏற்றுமதியாளர். உற்பத்தியிலேயே அதிகம் மாசு பண்ணும் கட்டம், பேரம் பேசும் வலு மிகக் குறைந்தவர் கையில் இருந்தது.

உப்பு என்ற பிரச்சினை

சாயக்கழிவு என்றதும் எல்லோருக்கும் நிறம்தான் நினைவுக்கு வரும். சிவப்பாகவும் நீலமாகவும் ஓடிய நொய்யலின் படங்கள் பத்திரிகைகளில் வந்துகொண்டே இருந்தன. ஆனால் நிலத்தைக் கெடுத்தது நிறத்தைவிட உப்பு. இந்த வேறுபாடு புரியாமல் ஏறத்தாழ பத்தாண்டுகளும் பெரும் பணமும் வீணாயின.

பருத்தி இழை தண்ணீரில் எதிர்மின் தன்மை பெறுகிறது. பருத்திக்குப் பயன்படும் ரியாக்டிவ் சாயமும் எதிர்மின் தன்மை கொண்டதே. ஒன்றையொன்று தள்ளும் இவ்விரண்டையும் சேர்த்துவைப்பது உப்பு. சாதாரண உப்பு அல்லது சோடியம் சல்பேட். அதன் பிறகு சோடா உப்பைச் சேர்த்துக் காரத்தன்மையை உயர்த்தினால் சாயம் இழையுடன் பிணைகிறது. சாயத்தில் ஒரு பகுதியாவது துணியில் தங்கும். உப்போ வேலை முடிந்ததும் முழுவதும் தண்ணீரோடு வெளியேறிவிடும். ஒரு சிறு கணக்குப் போடலாம். சாயத்தொட்டியில் லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்துக்கொள்வோம். பழைய வின்ச் இயந்திரத்தில் ஒரு கிலோ துணிக்கு 20 லிட்டர் தண்ணீர் என்றால் 1.2 கிலோ உப்பு போகும். அதாவது துணியின் எடையைவிட உப்பின் எடை அதிகம். பின்னால் வந்த சாப்ட்ஃப்ளோ இயந்திரத்தில் 8 லிட்டர் போதும் என்றாலும் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான உப்பு போகத்தான் செய்யும். அடர் நிறமானால் உப்பு இன்னும் கூடும்.

நீரில் கரைந்த மொத்தத் திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மிகக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. சாயக்கழிவில் அது பல மடங்காக இருந்தது. சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டுக் கலக்கினால் நிறம் ஓரளவு கீழே படியும், உப்பு படியாது. உண்மையில், அந்த ரசாயனங்களே கரைந்த உப்பைக் கொஞ்சம் கூட்டவும் செய்யும்.

பாலாற்றிலிருந்து வந்த சட்டம்

1974இல் நாடாளுமன்றம் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரியில் அமைந்தது. 1984 டிசம்பரில் போபால் விஷவாயுக் கசிவு; 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1989இல் தமிழக அரசு, ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மிகு மாசுத் தொழில்கள் புதிதாக வரக் கூடாது என்று அரசாணை பிறப்பித்தது. காகிதத்தில் எல்லாம் இருந்தது. சாயப்பட்டறைகள் மிக வேகமாகப் பெருகியதும் இதே காலத்தில்தான்.

சட்டத்துக்குப் பல் முளைத்தது நொய்யலில் அல்ல, பாலாற்றில். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. சுமார் 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனது. திண்டுக்கல் வட்டாரத்தில் 13 கிராமங்களில் ஆய்ந்த 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. இந்த விவரங்கள் எல்லாம் அத்தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளன. அன்னியச் செலாவணி ஈட்டும் தொழில் என்பதற்காகச் சூழலை அழிக்க அதற்கு உரிமை இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசு செய்தவர் செலவேற்கும் கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதிகள் என்று அறிவித்தது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம், சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு, இழப்பை மதிப்பிட்டு வசூலிக்கத் தனி ஆணையம் என்று அதன் விளைவுகள் நீண்டன.

தொகை சிறிது. ஆனால் இந்தத் தீர்ப்பு ஒரு புதிய கணக்குமுறையைத் தொடங்கி வைத்தது. அதுவரை கழிவு என்பது விதிமீறல். அபராதம் கட்டினால் தீர்ந்தது. இனி அது கடன். நிலத்துக்கும் கிணற்றுக்கும் திருப்பித் தர வேண்டியது. மேலை நாடுகளில் எல்கிங்டனின் மூன்று கணக்கைப் பெருநிறுவனங்கள் ஆண்டறிக்கையில் எழுதிப் பழகிய அதே ஆண்டுகளில், இங்கே மூன்றாவது கணக்கை வட்டாட்சியர்களும் வேளாண் அதிகாரிகளும் வயலில் இறங்கி எழுதினார்கள். எல்கிங்டன் 2018இல் தன் சொல்லாக்கத்தையே திரும்பப் பெறுவதாக எழுதினார், நிறுவனங்கள் அதை வெறும் கணக்குப் பயிற்சியாக்கிவிட்டன என்ற வருத்தத்தில். அவர் முதலிலேயே வேலூருக்கு வந்திருக்கலாம்.

நிறத்தை எடுத்தார்கள், உப்பை விட்டார்கள்

நொய்யலில் முதல் பெரிய வழக்கு 1996இல். கரூர் வட்டத்து நொய்யல் வாய்க்கால் பாசன விவசாயிகள் உயர் நீதிமன்றம் சென்றார்கள். 1998இல் வந்த ஆணையை ஒட்டி, சுத்திகரிப்பு வசதி இல்லாத பட்டறைகள் மூடப்படும் நிலை ஏற்பட்டது. அப்போது எட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. எஞ்சிய சுமார் 700 பட்டறைகளில் 278 அவற்றில் இணைந்தன. மீதி தனித்தனியே நிலையம் கட்டின.

பொதுச் சுத்திகரிப்பு நிலையம் என்பது சட்டப்படி ஒரு தனி நிறுவனம். பட்டறைக்காரர்களே அதன் பங்குதாரர்கள். தனியாக ஒரு நிலையம் கட்ட வசதியில்லாத சிறு முதலாளிகள் கூடிச் செய்யும் ஏற்பாடு. நிறுவனப் பொறுப்பு பற்றிய கோட்பாடுகள் எல்லாம் ஒற்றை நிறுவனத்தை அலகாகக் கொள்கின்றன. திருப்பூரில் பொறுப்பின் அலகு ஒரு குழாய். அந்தக் குழாயில் இணைந்த இருபது அல்லது எழுபது பட்டறைகள். ஒருவர் ஏமாற்றினால் எல்லோருடைய கணக்கும் கெடும்.

இந்த முதல் தலைமுறை நிலையங்கள் நிறத்தைக் குறைத்தன. முன் பத்திகளில் சொன்ன காரணத்தால் உப்பை அப்படியே விட்டன. கட்டியவர்கள் செலவு செய்தோம் என்று சொன்னதும் உண்மை. கீழே இருந்தவர்கள் கிணறு இன்னும் உப்புக் கரிக்கிறது என்று சொன்னதும் உண்மை. விதி கேட்டதற்கும் ஆற்றுக்குத் தேவைப்பட்டதற்கும் இடையிலான இந்த இடைவெளியை யாரும் பொறுப்பேற்று மூடவில்லை. இணங்கி நடப்பதே பொறுப்பு என்று நினைக்கும் நிறுவனங்களுக்கு இதைவிடத் தெளிவான எதிர்ச்சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அணை கேட்டவர்கள் அணையை நிரப்பாதே என்றார்கள்

இதற்கிடையே ஒரத்துப்பாளையம். திருப்பூருக்குக் கீழே நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்ட இந்த அணை 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. சுமார் 20,000 ஏக்கருக்கு நீர் தருவது திட்டம். சில ஆண்டுகளிலேயே அது சாயத்தண்ணீர்த் தொட்டியாகிவிட்டது. தேக்கி வைத்தால் சுற்றுவட்டாரக் கிணறுகளில் உப்பு இறங்கியது. திறந்துவிட்டால் கீழே கரூர் வரை வயல் கெட்டது. தென்னை காய்ப்பு விழுந்தது. மாடுகள் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பின. பல்லாண்டு அணை வேண்டும் என்று கேட்டவர்களே அணையில் தண்ணீர் தேக்காதே என்று கோரும் நிலைக்கு வந்தார்கள். ஒரு பாசனத் திட்டத்துக்கு இதைவிடப் பெரிய தோல்வி இருக்க முடியாது.

விவசாயிகளை ஒரே தரப்பாகப் பார்ப்பதும் சரியாகாது. பட்டறைகளுக்குத் தண்ணீர் பற்றாதபோது சுற்றுவட்டாரக் கிணறுகளிலிருந்து லாரிகளில் தண்ணீர் போனது. கிணற்றுத் தண்ணீரை விற்றுப் பிழைத்த விவசாயிகளும் உண்டு. அவர்கள் பிள்ளைகள் பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்தார்கள். சாயத்தொழிலின் கூலியும் அதன் கழிவும் ஒரே வீட்டுக்குள் வந்தன.

இழப்பை மதிப்பிடும் ஆணையம் 2004இல் நொய்யல் பகுதிக்கான கணக்கை முடித்தது. 68 கிராமங்களில் 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு 24 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு என்று தீர்மானித்தது. ஆளுக்குச் சராசரியாகப் பத்தாயிரம் ரூபாய்கூட வராது. நிலத்தின் மதிப்பைப் பார்த்தால் இது நீதியல்ல. ஆனால் பாதிக்கப்பட்டவர் யார், எந்தச் சர்வே எண், எவ்வளவு என்று பெயர்வாரியாகப் பட்டியல் வந்ததே பெரிய மாற்றம்.

2003இல் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பர் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2007 ஜூலை இறுதிக்குள் பட்டறைகள் எல்லாம் வெளியேற்றமே இல்லாத நிலையை அடைய வேண்டும். திருப்பூர்க்காரர்கள் இன்றும் 'ஜீரோ டிஸ்சார்ஜ்' என்று சொல்வது இதைத்தான். அதுவரை வெளியேற்றும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை ஏறிக்கொண்டே போகும் அபராதம். அணையைச் சுத்தப்படுத்தும் செலவும் பட்டறைகளுடையதே. பைசா என்றால் அற்பமாகத் தோன்றலாம். நாளொன்றுக்கு லட்சக்கணக்கான லிட்டர் விடும் இடத்தில் அது அற்பம் அல்ல. புறவிளைவுக்கு விலை வைப்பது எப்படி என்று பொருளியல் வகுப்புகளில் நடத்தும் பாடத்தை அந்த ஆணை ஒரு வரியில் நடத்திக் காட்டியது.

சாயப்பட்டறை உரிமையாளர் சங்கம் மேல்முறையீடு செய்தது. 2009 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்ற ஆணையை உறுதி செய்து மூன்று மாத அவகாசம் தந்தது. அவகாசம் முடிந்தும் கழிவு ஓடியது. கழிவைக் குழாய் வழியே கடலுக்குக் கொண்டுபோகலாம் என்ற பேச்சும் அரசு மட்டத்தில் நடந்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று எல்லாப் பட்டறைகளையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகளின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. துணி சாயத்துக்கு வெளியூர்களுக்குப் போனது. ஆர்டர்கள் தவறின. வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். நீதிமன்றம் அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று அன்று பலர் எழுதினார்கள். பதினைந்து ஆண்டு அவகாசத்தைக் கணக்கில் எடுத்தால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது.

கட்டாயத்தில் பிறந்த தொழில்நுட்பம்

மூடப்பட்ட காலத்தில்தான் பொறியியல் விடை முதிர்ந்தது. 2006க்குப் பிறகு கட்டப்பட்ட நிலையங்கள் உயிரியல் சுத்திகரிப்பு, ஆர்.ஓ., அதன் பிறகு மிஞ்சும் உப்பு நீரைக் கொதிக்கவைத்து வற்றச் செய்யும் ஆவியாக்கி என்ற வரிசையைக் கொண்டிருந்தன. ஆர்.ஓ. வரை வேலை நடந்தது. மிஞ்சிய அடர்ந்த உப்பு நீரில் கரிமக் கழிவும் கடினத்தன்மையும் சேர்ந்திருந்ததால் ஆவியாக்கிகள் அடைத்துக்கொண்டன. எரிபொருள் செலவும் தாங்கவில்லை. அருள்புரம் நிலையத்தில், தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனத்தின் வழிகாட்டலில், வேறொரு வழி சோதிக்கப்பட்டது. அந்த உப்பு நீரை முழுவதும் வற்ற வைப்பானேன்? நானோ வடிகட்டியால் நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கினால் அது சாயத்தொட்டிக்குத் தேவையான உப்புக் கரைசல்தானே? பட்டறை விலை கொடுத்து வாங்கும் உப்பு குழாயிலேயே திரும்பி வந்தது. தண்ணீரின் பெரும்பகுதி மீண்டது. மிச்சத்தை மட்டும் ஆவியாக்கியில் வற்றவைத்தால் போதும்.

சோதனை வெற்றி பெற்றதும் 2011இன் இறுதியிலிருந்து நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. எல்லாப் பட்டறைகளும் திரும்பி வரவில்லை. சிறியவர்களில் பலர் தொழிலை விட்டே போனார்கள்.

3எம் சொன்ன 'மாசைத் தடுத்தால் லாபம்' என்பது இங்கே பாதி உண்மையானது. காவிரியிலிருந்து குழாயில் விலைக்கு வரும் தண்ணீரோடு ஒப்பிட்டால் மீட்ட தண்ணீருக்கும் உப்புக்கும் பணமதிப்பு உண்டு. ஆனால் மின்சாரம், விறகு, மெம்பிரேன் மாற்றம், கடன் தவணை எல்லாம் சேர்த்தால் சுத்திகரிப்பு இன்றும் நிகரச் செலவே. லாபம் வரும் என்று நம்பி யாரும் இதைச் செய்திருக்கமாட்டார்கள். செய்தே ஆக வேண்டும் என்றான பிறகுதான், அதில் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று தேடினார்கள். வின்ச் போய் சாப்ட்ஃப்ளோ வந்ததற்கும் இதுவே காரணம்: ஒவ்வொரு லிட்டரையும் சுத்திகரிக்கக் காசு கொடுக்க வேண்டியிருந்தால் யாரும் லிட்டரைக் குறைக்கத்தான் பார்ப்பார்கள்.

அறிக்கைகள் வந்து சேர்ந்தன

திருப்பூர் மூடிக்கிடந்த அதே 2011இல் வேறு இரண்டு நிகழ்வுகள். ஜூலையில் கிரீன்பீஸ் உலக ஆடை பிராண்டுகளுக்கு எதிராக நச்சு நீக்கப் பிரச்சாரத்தைத் தொடங்கியது. அதன் அழுத்தத்தில் பெரிய பிராண்டுகள் கூடி, அபாய ரசாயனங்களைக் கழிவிலிருந்து ஒழிக்கும் கூட்டமைப்பு ஒன்றை அந்த ஆண்டே உருவாக்கின. இந்திய நிறுவன விவகார அமைச்சகம் வணிகத்தின் சமூக, சூழல், பொருளாதாரப் பொறுப்புகளுக்கான தன்னார்வ வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2012இல் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, முதல் 100 பட்டியலிட்ட நிறுவனங்கள் பொறுப்பறிக்கை தர வேண்டும் என்றது. 2013இன் நிறுவனச் சட்டம், 135ஆம் பிரிவின் கீழ், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றது. 2021இல் செபி வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கையை அறிமுகப்படுத்தி, 2022-23 முதல் முதல் 1,000 நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கியது.

இந்த அறிக்கைப் படிவத்தின் ஆறாவது கோட்பாடு சூழல் பற்றியது. அதில் ஒரு கேள்வி: திரவக் கழிவு வெளியேற்றமே இல்லாத ஏற்பாடு உங்களிடம் உண்டா? உண்டென்றால் விவரம் தருக. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் 2006இல் பெற்ற ஆணை, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் மும்பையில் ஒரு படிவத்தின் கட்டமாக வந்து உட்கார்ந்தது. திருப்பூரை வைத்துத்தான் அந்தக் கேள்வி எழுதப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை முன்பே விடையோடு எழுதி வைத்த ஊர் எது என்பதில் ஐயமில்லை.

விந்தை என்னவென்றால், அந்த விடையை எழுதியவர்களில் பெரும்பாலோர் இந்தப் படிவத்தை நிரப்பத் தேவையே இல்லை. அவர்கள் பங்குச்சந்தையில் இல்லை; கூட்டு நிறுவனங்களும் சிறு தனியார் நிறுவனங்களுமே. 135ஆம் பிரிவின் வரம்பையும் அவர்களில் பலர் எட்டமாட்டார்கள். எட்டினாலும் சுத்திகரிப்புச் செலவை அந்த 2 சதவீதத்தில் காட்ட முடியாது. வழக்கமான தொழில் நடவடிக்கைகளை விதிகள் அதிலிருந்து விலக்கிவிடுகின்றன. இந்த விலக்கு சரியானதே. பள்ளிக்கு மேசை வாங்கித் தருவது கொடை. தன் கழிவைத் தானே சுத்தம் செய்வது கடமை. இரண்டையும் ஒரே தலைப்பில் பேசும் வழக்கம்தான் நம் நிறுவன ஆண்டறிக்கைகளைக் குழப்புகிறது.

செலவு எங்கே இறங்கியது

வெளியேற்றமே இல்லாத நிலை என்றால் கழிவே இல்லை என்று பொருளல்ல. மீட்க முடியாத கலப்பு உப்பும் கசடும் மிஞ்சுகின்றன. அவற்றைக் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். கழிவை அடுக்கி வைப்பது எவ்வளவு ஆபத்தாகலாம் என்பதற்குத் தோல் தொழிலில் ஒரு துயரச் சான்று உண்டு: 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். ஆவியாக்கிகள் எரிபொருளைத் தின்கின்றன. நீர்க்கணக்கில் குறைந்தது கரிமக் கணக்கில் ஏறுகிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் வட்டாரக் காற்றாலைகளில் திருப்பூர்த் தொழிலதிபர்கள் முதலிட்டிருப்பது மின்சாரத்துக்கு ஓரளவு ஈடு செய்கிறது. கொதிகலனுக்கு அது உதவாது.

மாசு இடம் பெயரவும் செய்தது. 2011க்குப் பின் சாய வேலையில் ஒரு பகுதி கண்காணிப்புக் குறைந்த இடங்களுக்கு நகர்ந்தது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் அனுமதியில்லாத பட்டறைகளை அதிகாரிகள் இடிப்பதும் அவை மீண்டும் முளைப்பதும் வாடிக்கையாகிவிட்டது. திருப்பூரிலும் மழை நாளில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறார்கள் என்ற புகார் ஓயவில்லை. 2015இல் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் நாடு முழுவதும் துணி ஆலைகளுக்கு இதே விதியைக் கொண்டுவர வரைவு வெளியிட்டது. 2016 அக்டோபரில் வந்த இறுதி அறிவிக்கையில் அது எல்லோருக்கும் கட்டாயம் ஆகவில்லை; பாதிப்புக்குள்ளாகும் பகுதிகளில் பெரிய ஆலைகளுக்கு மாநில வாரியங்கள் விதிக்கலாம் என்ற அளவில் நின்றது. ஒரே பிராண்டுக்கு ஒரே சட்டையைத் தைக்கும் இரண்டு ஊர்களில் ஒன்று தன் கழிவுக்கு முழு விலை கொடுக்கிறது, மற்றொன்று கொடுப்பதில்லை.

அந்த விலையைத் திருப்பூருக்குள்ளே கொடுப்பவர் யார்? பிராண்டுகளின் நிலைத்தன்மை அறிக்கையில் திருப்பூர்த் துணி மீட்ட நீரில் சாயமேற்றப்பட்டது என்று பெருமையோடு வரும். ஏற்றுமதியாளரின் விளம்பர ஏட்டிலும் வரும். ஆனால் ஆர்டரின் விலை பேசும்போது சட்டைக்கு இவ்வளவு சென்ட் என்று ஒரே எண்தான். அதற்குள் அடங்க ஏற்றுமதியாளர் சாயக்கூலியில் கை வைக்கிறார். பட்டறைக்காரர் சுத்திகரிப்புக் கட்டணத்தைக் குறைக்க வழி பார்க்கிறார். மழை நாள் திருட்டின் ஊற்று அந்த ஒற்றை எண்ணில் இருக்கிறது. செபி 2023இல் கொண்டுவந்த கூடுதல் வெளிப்பாட்டு விதிகளில் விநியோகச் சங்கிலிக் கூட்டாளிகளின் தரவும் சேர்ந்தது. 2025இல் அந்தப் பகுதி தன்னார்வமாகத் தளர்த்தப்பட்டது. அப்படியே கட்டாயமாகியிருந்தாலும் அது கேட்பது சாயப்பட்டறையின் தண்ணீர்க் கணக்கை. பிராண்டு கொடுத்த விலையின் கணக்கை அல்ல.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்குத் தொடரில் மீண்டும் ஒரு தீர்ப்பளித்தது. இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு அரசே கொடுத்துவிட்டு மாசு செய்தவர்களிடம் வசூலிக்க வேண்டும், கண்காணிக்கக் குழு அமைக்க வேண்டும் என்றது. 1991இல் தொடுத்த வழக்கின் கடன் 34 ஆண்டுகளுக்குப் பின்னும் முழுதாகத் தீரவில்லை என்பதற்கு இதுவே நீதிமன்றச் சான்று.

மாசு செய்தவர் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை, குழாயின் முனையில் நிற்பவரை மட்டும் மாசு செய்தவராகக் கண்டது. நீதிமன்றத்தால் அவ்வளவுதான் முடிந்தது. அதன் அதிகார எல்லைக்குள் வாங்குபவர் இல்லை. அடுத்த கட்டம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒரு கிலோ துணிக்கான சாயக்கூலியில் சுத்திகரிப்புச் செலவைத் தனி இனமாக எழுதி, பேரத்துக்கு அப்பாற்பட்ட தொகையாக வைக்கும் முறையைத் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் சாயப்பட்டறை உரிமையாளர்களும் கூடி வகுக்க வேண்டும். அந்த இனம் இல்லாத விலைப்பட்டியலை ஏற்பதில்லை என்று பிராண்டுகளும் எழுத்தில் தர வேண்டும்.